நீர் சுத்திகரிப்பு ஆபரேட்டர் தேர்வுக்கு ஒரு ஆன்லைன் பயிற்சி: கணக்குக்கு முழு மார்க், குளோரினுக்குப் பாதி

முதல் தடவை 64 வந்தது. தேவை 70. நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, அதில் ஆறே ஆறு கேள்வியில் கோட்டை விட்டேன். எட்டு வருஷம் பிளான்ட்டில் ஷிஃப்ட் பார்த்தவனுக்குப் பரீட்சை என்ன பெரிய விஷயம் என்று புத்தகத்தைக் கூடத் திறக்காமல் போனதன் பலன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. அடுத்த வாரமே ஒரு ஆன்லைன் பயிற்சியைக் காசு கொடுத்து வாங்கினேன். பத்து வாரம் அதோடு கிடந்தேன், இரண்டாவது தடவை 81. ஆக இது வாங்கிய அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவன் எழுதும் விமர்சனம் இல்லை. கடைசி வீடியோ வரைக்கும் பார்த்திருக்கிறேன், சிலதை மூன்று தடவை.

பெயர் போடவில்லை. ஒரு கேள்வி விஷயமாக அவர்களோடு எனக்கு இன்னும் தீராத பஞ்சாயத்து இருக்கிறது, அது கீழே வருகிறது. அப்புறம், வாங்குவதற்கு முன்னால் வேறு இரண்டு பயிற்சிகளின் இலவச மாதிரிப் பாடங்களையும் பார்த்தேன், மூன்றும் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தன. அதனால் நான் சொல்வதில் பாதியாவது நீங்கள் எதை வாங்கப் போகிறீர்களோ அதற்கும் பொருந்தும்.

காசுக்குக் கிடைப்பது இதுதான்: நாற்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வீடியோ, ஏறக்குறைய எண்ணூறு கேள்விகள் கொண்ட ஒரு கேள்வி வங்கி, நாலு மாதிரித் தேர்வு, போனில் புரட்டிப் பார்க்க அட்டைகள், தனியாக ஒரு கணக்குப் பகுதி. ஆறு மாத அனுமதி. இதில் கணக்குப் பகுதி ஒன்றுக்கே முழுக் காசையும் கொடுக்கலாம். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஏன் என்றால், முதல் தடவை நான் தோற்றது கணக்கில்தான். கணக்கு வராது என்பதில்லை, பிளான்ட்டில் தினமும் தண்ணீருக்கு இவ்வளவு மருந்து என்று அளந்து டோஸ் போடுகிறவன்தானே. ஆனால் பிளான்ட்டில் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும், தண்ணீர் ஓட்டம் இவ்வளவு என்றால் மருந்து செலுத்தும் பம்பின் ஸ்ட்ரோக் இவ்வளவு என்று. அதைப் பார்த்தே எட்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த அட்டவணையை எழுதியவருக்கு என்ன தெரிந்திருந்ததோ அதைத்தான் தேர்வில் கேட்கிறார்கள்.

பாடம் எடுக்கிறவர் குரல் தூக்கம் வரவைக்கிற குரல், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் சூத்திரத்தைச் சொல்லி ஆரம்பிப்பதில்லை, அலகில் இருந்து ஆரம்பிக்கிறார். ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்றால் ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம், இது ஒன்று மண்டையில் ஏறினால் போதும். ஒரு நாளைக்கு 12,000 கன மீட்டர் தண்ணீர், டோஸ் லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்றால், பெருக்கினால் 30,000 கிராம், அதாவது 30 கிலோ. அவ்வளவுதான். கேலன், பவுண்டு முறையில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அந்த 8.34 வருமே, அது எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்கிறார்: ஒரு கேலன் தண்ணீரின் எடை 8.34 பவுண்டு. மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டு, எங்கே பெருக்குவது எங்கே வகுப்பது என்று தெரியாமல் முழித்தவர்களில் நானும் ஒருவன். எடை என்று தெரிந்த பிறகு குழப்பமே வரவில்லை.

அடுத்த படிதான் பொறி. மேலே வந்தது 30 கிலோ சுத்தக் குளோரின். கையில் இருப்பது 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் என்றால் எத்தனை கிலோ வேண்டும்? 30ஐ 0.65ஆல் வகுக்க வேண்டும், 46 கிலோ சொச்சம். அவசரத்தில் பெருக்கிவிட்டால் 19.5 வரும், நான் பார்த்த இந்த மாதிரிக் கேள்விகளில் எல்லாம் விடைகளில் ஒன்றாக 19.5 அழகாக உட்கார்ந்திருந்தது. முதல் தேர்வில் அதைப் பார்த்ததும் ‘ஆ, சரியாக வந்துவிட்டது’ என்று சந்தோஷமாக டிக் போட்டுவிட்டு வந்தேன். இந்தப் பயிற்சியில் ஒவ்வொரு தவறான விடைக்கும் ‘என்ன தப்பு செய்தால் இந்த எண் வரும்’ என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான் வேறு எங்கும் பார்க்காதது இது. சரக்கு சுத்தமாக இல்லை என்றால் கூடத்தான் வேண்டும், குறைவாக வந்தால் எங்கேயோ உதைக்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்கிற வாக்கியம், இரண்டாவது தேர்வில் அப்படியே காதில் ஒலித்தது.

கிருமி சாக குளோரின் போதுமா என்று பார்க்கும் சிடி (CT) கணக்கும் அப்படித்தான். குளோரினின் செறிவையும் அது தண்ணீரோடு இருக்கும் நேரத்தையும் பெருக்குவது, அவ்வளவு சுலபம். ஆனால் எந்தச் செறிவு, எந்த நேரம் என்பதில்தான் ஆள் விழுகிறான். செறிவு என்பது போட்ட டோஸ் இல்லை, தொட்டியை விட்டு வெளியேறும் இடத்தில் எஞ்சியிருக்கும் குளோரின். நேரம் என்பது தொட்டியின் கொள்ளளவை ஓட்டத்தால் வகுத்து வருவது மட்டும் இல்லை. 20 மீட்டர் நீளம், 6 அகலம், 4 ஆழம், ஆக 480 கன மீட்டர். மணிக்கு 500 கன மீட்டர் ஓட்டம். வகுத்தால் 57.6 நிமிஷம். ஆனால் தண்ணீர் அப்படி வரிசையில் நின்று போவதில்லை, ஒரு பகுதி குறுக்கு வழியில் நேராக வாசலுக்கு ஓடிவிடும். அதற்காகத்தான் தடுப்புச் சுவர்களின் தரத்தைப் பொறுத்து ஒரு எண்ணால் பெருக்குகிறோம், தடுப்பே இல்லாத தொட்டிக்கு 0.1, சுமாராக இருந்தால் 0.3, நல்ல தடுப்புகள் இருந்தால் 0.7. இந்தத் தொட்டிக்கு 0.3 என்றால் நிஜமான நேரம் 17 நிமிஷம் சொச்சம்தான். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் என்றால் சிடி 14க்குக் கொஞ்சம் கீழே. அந்த 0.3ஐ மறந்தவனுக்கு 46 வரும், 46ம் விடைகளில் ஒன்றாக இருக்கும். தொட்டிக்குள் சாயம் ஊற்றி அது எப்படி ஓடுகிறது என்று ஒரு அசைபடம் காட்டுகிறார்கள், மொத்தப் பயிற்சியிலும் எனக்கு மிகவும் பிடித்த மூன்று நிமிஷம் அதுதான். எங்கள் பிளான்ட்டின் தெளிநீர்த் தொட்டியை அதற்குப் பிறகு வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

சரி, பாராட்டு போதும்.

குளோரின் வேதியியலுக்கு இவர்கள் ஒதுக்கியிருப்பது மொத்தம் இருபது நிமிஷம். இந்தத் தேர்வின் இதயமே அதுதான், இருபது நிமிஷம்! அதிலும் பிரேக்பாயின்ட்டுக்கு நாலு நிமிஷம். ஒரு வரைபடத்தைக் காட்டி, மேலே போகிறது, கீழே வருகிறது, மறுபடி மேலே போகிறது, இதுதான் பிரேக்பாயின்ட், அடுத்த பாடம். குளோரினைக் கூட்டக் கூட்ட எஞ்சிய குளோரின் ஏன் குறைய வேண்டும் என்று கேட்கிற மனசுக்கு அங்கே பதிலே இல்லை. நான் வெளியே தேடிப் படித்துப் புரிந்துகொண்டது இப்படி. முதலில் போடும் குளோரினை இரும்பு, மாங்கனீசு, ஹைட்ரஜன் சல்ஃபைடு எல்லாம் தின்றுவிடும், மீட்டரில் ஒன்றும் தெரியாது. அப்புறம் அது தண்ணீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகும், இப்போது அளவு ஏறும். அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடையைப் போல ஐந்து மடங்கு குளோரின் வரை இந்த ஏற்றம். அதற்கு மேல் போடும் குளோரின் ஏற்கெனவே உருவான குளோரமைனையே அழிக்க ஆரம்பிக்கும், அதனால்தான் இறக்கம். அது அழிந்து முடிகிற இடம் பிரேக்பாயின்ட், கணக்குப்படி சுமார் 7.6 மடங்கு, நடைமுறையில் 10 வரை போகும். அதற்கப்புறம் போடுவதெல்லாம் எதோடும் சேராத சுதந்திரக் குளோரினாக அப்படியே நிற்கும்.

இது புரியாவிட்டால் தேர்வில் ஒரு வகைக் கேள்வியில் கண்டிப்பாக மாட்டுவீர்கள். தண்ணீரில் குளோரின் நாற்றம் தாங்கவில்லை என்று புகார் வருகிறது, என்ன செய்யலாம்? சாதாரண மனுஷன் டோஸைக் குறை என்பான். பல நேரம் சரியான விடை டோஸைக் கூட்டு என்பதுதான், ஏனென்றால் அந்த மூக்கைத் துளைக்கும் வாசனை பிரேக்பாயின்ட்டுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நிற்கும் குளோரமைன்களுடையது. கேள்வி வங்கியில் இந்தக் கேள்வி இருக்கிறது, விடையும் சரிதான், ஆனால் விளக்கம் என்ற இடத்தில் ‘பிரேக்பாயின்ட் பாடத்தைப் பார்க்கவும்’ என்று போட்டிருக்கிறார்கள். பார்த்தாயிற்று ஐயா, நாலு நிமிஷம்.

தண்ணீரின் அமில, கார அளவான பிஎச் பற்றியும் ஒரே வரி: பிஎச் ஏறினால் குளோரினின் வீரியம் குறையும். உண்மைதான், ஆனால் எவ்வளவு? பிஎச் 7.5 பக்கத்தில் வீரியமான ஹைப்போகுளோரஸ் அமிலம் பாதி, வீரியம் குறைந்த ஹைப்போகுளோரைட் பாதி. 6.5ல் ஏறக்குறைய 90 சதவீதம் நல்லது, 8.5ல் வெறும் 10 சதவீதம் பக்கம். மீட்டரில் காட்டும் எண் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், வேலைதான் வேறு. இந்த மூன்று எண்களைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

இப்போது பஞ்சாயத்துக்கு வருவோம். கேள்வி வங்கியில் பாதுகாப்புப் பகுதியில் ஒரு கேள்வி: குளோரின் வாயு வைத்திருக்கும் அறையில் காற்றை வெளியேற்றும் விசிறியின் வாய் எங்கே இருக்க வேண்டும்? நான் ‘தரைக்கு அருகில்’ என்று போட்டேன். சிவப்பு. சரியான விடை ‘கூரைக்கு அருகில்’ என்று வந்தது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, எட்டு வருஷம் தப்பான அறையில் வேலை பார்த்திருக்கிறோமோ என்று. குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு தரையாகப் பள்ளம் பார்த்துப் படரும். அதனால்தான் உறிஞ்சும் வாய் தரையை ஒட்டி, புதுக்காற்று மேலே இருந்து, விசிறியின் சுவிட்ச் அறைக்கு வெளியே. இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அன்று நைட் ஷிஃப்டில் எங்கள் சீனியர் அண்ணனிடம் போனைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, “தம்பி, இதை எழுதினவர் குளோரின் ரூமுக்கு வெளியே நின்று எழுதியிருக்கார், நல்லவேளை” என்றார்.

மற்ற கேள்விகளில் தப்பு இருந்தால் ஒரு மார்க் போகும். இது அப்படி இல்லை, படித்து மனதில் பதிந்தால் ஆள் போகிற விஷயம். உடனே எழுதிப் போட்டேன். ‘சுட்டிக்காட்டியமைக்கு நன்றி, எங்கள் குழு பரிசீலிக்கிறது’ என்று பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. மூன்று வாரம் கழித்தும் அப்படியே இருந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி நன்றி. மூன்றாவது தடவை விளக்கத்தோடு ஒரு பக்கத்துக்கு எழுதினேன், பதிலுக்கு அடுத்த பயிற்சிக்கான தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். சத்தியமாக.

நியாயமாகச் சொன்னால், அதே பகுதியில் மற்ற கேள்விகள் சரியாகவே இருக்கின்றன. கசிவு இருக்கும் இடத்தை அம்மோனியா ஆவி காட்டிக்கொடுக்கும், வெள்ளைப் புகை எழும். கசியும் சிலிண்டர் மேல் தண்ணீர் அடிக்கவே கூடாது, அமிலம் உண்டாகி ஓட்டையைப் பெரிதாக்கும். திரவமாகக் கசிந்தால் சிலிண்டரைத் திருப்பி வாயுவாகக் கசியும்படி வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு பங்கு திரவம் நானூற்றைம்பது பங்குக்கு மேல் வாயுவாக விரியும். சிலிண்டரில் இருக்கும் உருகும் அடைப்பு 70 டிகிரி செல்சியஸ் தாண்டினால் இளகிவிடும். எல்லாம் சரி. ஆனால் ஒரு தப்பைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் வேறு இடத்தில் சரிபார்க்க வேண்டியதாயிற்று, காசு கொடுத்தது அந்த வேலை மிச்சமாகட்டும் என்றுதானே.

படிகாரப் பகுதி நடுத்தரம். எவ்வளவு படிகாரம் சரி என்று ஜாடிகளில் போட்டுப் பார்க்கும் ஜார் டெஸ்ட் வீடியோவை நன்றாக எடுத்திருக்கிறார்கள், வேகமாகச் சுற்றுவது, மெதுவாகச் சுற்றுவது, நிறுத்தித் தெளியவிடுவது, அழுக்கு திரண்டு ஃப்ளாக் உருவாகிறதை ஆறு ஜாடியிலும் பக்கம் பக்கமாக, இதில் ஏன் நொறுங்குகிறது, அதில் ஏன் பஞ்சு மாதிரி மிதக்கிறது என்று. ஒரு சதவீதக் கரைசலில் ஒரு மில்லியை ஒரு லிட்டர் ஜாடியில் விட்டால் டோஸ் 10 மில்லிகிராம் என்கிற கணக்கையும் தெளிவாகச் சொல்கிறார்கள். காரத்தன்மையைத்தான், அதாவது அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் சக்தியைத்தான், போகிற போக்கில் விட்டுவிட்டார்கள். ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறக்குறைய அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்னும். 40 போட்டால் 20 போச்சு. வரும் தண்ணீரில் 15தான் இருக்கிறது என்றால் பிஎச் சரிந்து படிகாரம் வேலையே செய்யாது, சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு இது தினப்படிப் பிரச்சினை. கலங்கல் ஏறும், காரத்தன்மை இறங்கும், இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கும். தேர்வில் இதில் இரண்டு கேள்வி வந்தது எனக்கு.

வடிகட்டிப் பகுதியில் கணக்கு மறுபடி அருமை. 40 சதுர மீட்டர் பரப்பில் மணிக்கு 200 கன மீட்டர் என்றால் வேகம் மணிக்கு 5 மீட்டர், அவ்வளவு எளிதாக. ஆனால் கலங்கல் என்றால் என்ன என்பதற்கு ‘தண்ணீரின் மங்கல் தன்மை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறார்கள், ஏதோ கண்ணுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரி. 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால். வழக்கமாகப் போடும் குளோரினுக்கு அது சாகாது, வடிகட்டிதான் முக்கியக் காவல், அங்கே ஒரு பிளான்ட்டில் வடிகட்டியிலிருந்து வெளிவரும் தண்ணீரின் கலங்கல் அந்த நாட்களில் ஏறியிருந்தது. அந்தச் சின்ன ஏற்றத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தால்தான், வடிகட்டியைத் தலைகீழாகத் தண்ணீர் விட்டுக் கழுவும் பேக்வாஷ் முடித்தவுடன் முதல் தண்ணீரை ஏன் கழிவுக்கு விடுகிறோம், பாதி வழியில் நிறுத்திய வடிகட்டியைக் கழுவாமல் ஏன் திரும்பப் போடக் கூடாது என்பதெல்லாம் மனப்பாடம் இல்லாமலே வரும்.

பம்ப், மோட்டார், வால்வு, மாதிரி எடுத்தல், இவையெல்லாம் பரவாயில்லை ரகம். வேலையில் இருப்பவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

பதிவேடு, விதிமுறை பற்றிய பகுதியை நான் முதலில் தாண்டிவிட்டேன், யாருக்கு வேண்டும் என்று. தப்பு. கேள்வி கணிசமாக வருகிறது. பயிற்சியிலும் உயிரில்லாமல்தான் சொல்கிறார்கள், எந்தப் படிவத்தை எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்ற மாதிரி. நான் என்றால் அந்தப் பகுதியை கனடாவின் வாக்கர்ட்டனில் ஆரம்பித்திருப்பேன். 2000 மே மாதம், பலத்த மழையில் மாட்டுச்சாணத்தின் கிருமி கிணற்றுக்குள் இறங்கியது. ஏழு பேர் செத்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். அங்கே குளோரின் அளவை அளக்காமலே பதிவேட்டில் எண் எழுதுவது பல வருஷப் பழக்கமாக இருந்தது என்று பின்னால் நடந்த விசாரணையில் வந்தது. இன்னொன்றும் வந்தது. பிளான்ட்டை நடத்தியவர்களிடம் ஆபரேட்டர் சான்றிதழ் இருந்தது, ஆனால் தேர்வு எழுதி வாங்கியதில்லை, அனுபவத்தை வைத்துக் கொடுத்தது. எட்டு வருஷ அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் 64 வாங்கியவன் இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி வங்கி பற்றி ஒரு எச்சரிக்கை. எண்ணூறு கேள்வியையும் இரண்டு சுற்று முடித்தபோது எனக்கு 94 சதவீதம் வந்தது, தலை கால் புரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், கேள்வியை முழுசாகப் படிக்காமலே விடை கைக்கு வருகிறது, ‘மூன்றாவது, நீளமான விடை’ என்று. அது படிப்பு இல்லை, முகம் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது. நிஜத் தேர்வில் வருகிறவை பெரும்பாலும் வேறு ரகம்: நாலு விடையும் சரி, ஆனால் எது முதலில்? கூட வேலை பார்ப்பவர் வால்வு அறைக்குள் மயங்கிக் கிடக்கிறார், முதலில் என்ன செய்வீர்கள்? மனசு இறங்கு என்று சொல்லும். சரியான விடை இறங்காதே, ஆளைக் கூப்பிடு, மூச்சுக் கருவி இல்லாமல் கால் வைக்காதே. காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து சாகும் இடம் அது. அந்த மாதிரி மூடிய இடத்தில் காற்றைச் சோதிக்கும் வரிசை கூடக் கேட்பார்கள், முதலில் ஆக்சிஜன், அப்புறம் தீப்பிடிக்கும் வாயு, கடைசியில் நச்சு வாயு. ஆக்சிஜன் குறைவாக இருந்தால் தீப்பிடிக்கும் வாயுவைக் காட்டும் மீட்டர் பொய் சொல்லும் என்பதால் அந்த வரிசை. அட்டைகளில் வரிசை இருக்கிறது, காரணம் இல்லை. இந்த ‘எது முதலில்’ ரகக் கேள்வி எண்ணூறில் முப்பது கூட இல்லை, நான் எண்ணிப் பார்த்தேன். அதற்கு எனக்குக் கை கொடுத்தது சீனியர் அண்ணன்தான். ராத்திரி ரவுண்டு போகும்போது திடீரென்று நின்று, “இப்ப இந்த மீட்டர் பூஜ்யம் காட்டுது, முதல்ல என்ன பண்ணுவே?” என்பார். நான் டோஸைக் கூட்டுவேன் என்று ஆரம்பித்தால், “மீட்டரை நம்பிட்டியா அதுக்குள்ள?” என்று நடக்க ஆரம்பித்துவிடுவார். கையால் ஒரு மாதிரி எடுத்துச் சோதிக்காமல் எதையும் தொடக் கூடாது என்பது அவர் கட்சி.

மாதிரித் தேர்வுகள் நாலில் முதல் இரண்டு ரொம்பச் சுலபம், சந்தோஷப்பட மட்டும் உதவும். நாலாவது நிஜத் தேர்வுக்குக் கிட்டத்தில் வருகிறது. அதைக் கடைசி வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முன்னாலேயே தொட்டுவிடாதீர்கள்.

ஆப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்றும் இல்லை. வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ள முடியாது, சிக்னல் இருந்தால்தான் ஓடும். தண்ணீர் பிளான்ட்டில் வேலை பார்ப்பவர்களுக்குச் செய்த ஆப், கான்கிரீட் சுவருக்குள் உட்கார்ந்து பார்ப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை போல. கண்ட்ரோல் ரூம் ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து, நின்றுகொண்டே பாதிப் பாடம் பார்த்தேன். ஆப்புக்குள் ஒரு கால்குலேட்டர் வேறு, அலகை அதுவே மாற்றிக் கொடுக்கும், தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். தேர்வு அறைக்குள் கிடைக்கப் போவது சாதாரணக் கால்குலேட்டர்தான், அதில் விரல் பழக வேண்டும். சூத்திரத் தாளும் அப்படி. தேர்வில் ஒரு தாள் கொடுப்பார்கள், இவர்கள் தங்கள் வசதிக்கு வேறு வரிசையில், வேறு குறியீடுகளோடு ஒன்று செய்திருக்கிறார்கள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆறு வாரம் அதை வைத்துப் பழகிவிட்டு, பிறகு தேர்வு நடத்துகிறவர்கள் வெளியிட்ட தாளைப் பார்த்தால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. முதல் நாளே உங்கள் தேர்வுக்கான அசல் தாளை எடுத்துப் பிரின்ட் போட்டு, எல்லாக் கணக்கையும் அதைப் பார்த்தே போடுங்கள். எது எந்த மூலையில் இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தால் தேர்வில் நிறைய நேரம் மிச்சம்.

வாங்கலாமா? கணக்கில் தடுமாறுகிறவர் என்றால் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம், நான் தோற்ற ஆறு மார்க்கும் அதற்கு மேலும் அங்கிருந்துதான் திரும்பி வந்தது. கணக்கு சுலபமாக வரும், வேதியியல்தான் தகராறு என்கிறவருக்கு இது உதவாது, அந்தக் காசுக்கு நல்ல பாடப்புத்தகம் ஒன்றை வாங்கி மெதுவாகப் படிக்கலாம். பிளான்ட்டையே பார்க்காமல் புதிதாக இந்த வேலைக்கு வர நினைப்பவர் இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். ஐந்துக்கு மூன்று போடுவேன், கணக்குப் பகுதியைத் தனியாக விற்றால் அதற்கு ஐந்து.

அனுமதி முடிவதற்கு முந்தின நாள் ராத்திரி, அந்தப் பாதுகாப்புப் பகுதிக்குப் போய்க் குளோரின் அறைக் கேள்வியைத் தேடி எடுத்து மறுபடி ‘தரைக்கு அருகில்’ என்று போட்டுப் பார்த்தேன். சிவப்புதான் வந்தது.